பாய்க் கயிற்றில் நான் போட்ட முடிச்சு

போன வருடம் பொங்கல் லீவில், பழவேற்காடு ஏரியில் நடந்தது இது. பிள்ளைகளே, அப்பாக்களும் தப்பு செய்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. அங்கே மெஷின் வந்த மரப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, ஞாயிறுதோறும் உட்கார்ந்து ஒரு சின்னப் பாய்மரப் படகு செய்தேன். தார்ப்பாலின்தான் பாய். எங்கள் வேலையில் எது லூசாக இருந்தாலும் ஆபத்து. கண்ணில் பட்டதை எல்லாம் இறுக்கிவிடுவேன். அதே பழக்கத்தில் பாய்க் கயிற்றையும் கொக்கியில் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கினேன். ஐந்தாவது படிக்கும் மகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் அம்மா கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த இறாலைப் போடப் பல்லில் கவ்வியிருந்த ஓலைப்பறியை எடுத்துவிட்டுக் கத்தினார்:

"இன்னாண்ணா, மாட்டைக் கட்ற மாரி பாயைக் கட்டிக்கினு போற?"

"நம்ம முடிச்சு அவுராதும்மா!"

"அதாண்ணா பேஜாரே!"

நான் சிரித்தேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். திடீரென்று காற்று அடித்தது. கட்டிய பாய் காற்றை விடாமல் அப்படியே நின்றது; படகுதான் கவிழ்ந்தது. மகள் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டாள். நனைந்த முடிச்சு அவிழவே இல்லை. படகைப் பிடித்துத் தொங்கியபடி அலறினேன்.

அந்த அம்மா பறியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பாயின் ஓரத்தைத் தூக்கி மகளை வெளியே இழுத்தார். அவள் இருமி, அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"கால ஊனி நில்லுண்ணா, இடுப்பளவுதான் தண்ணி!"

நின்றேன். வெட்கமாக இருந்தது. அவருடைய இறால் எல்லாம் போய்விட்டிருந்தது. "உங்க எறா போச்சேம்மா" என்றேன்.

"எறா நாளைக்கும் வரும். புள்ள வருமா?"

என்னென்ன மாற்ற வேண்டும் என்று அவரே சொன்னார். மறு வாரமே செய்தேன். பாயின் அடிப்பக்கத்தைத் தலைக்கு மேல் உயர்த்தினேன். இப்போது முன்னால் வருவதும் நன்றாகத் தெரிகிறது. உட்காரும் பலகைக்கு அடியில் மூடிய காலி கேன்களைக் கட்டினேன், கவிழ்ந்தாலும் படகு மூழ்காது. இரண்டு பேருக்கும் மிதவைச் சட்டை வாங்கினேன். கயிற்றில் இப்போது முடிச்சே இல்லை, கையில்தான் பிடிக்கிறோம்.

"விடட்டாப்பா?" என்று கேட்டு, காற்று இழுக்கும்போது மகள் கயிற்றை விடுவாள். பாய் படபடக்கும், படகு நிமிரும். அப்போதெல்லாம், தன் இறாலை விட்டுவிட்டு என் பிள்ளையைப் பிடித்த அந்தக் கைகளை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.