சின்னம்மாவின் பேரில் போட்ட ஊசி

ஊசி அட்டை இல்லாமல் இனி எங்கும் நுழைய முடியாதாம் என்று ஊரெல்லாம் பேச்சாயிருந்த கொரோனாக் காலத்தில், கண்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஒரு பெண். கதிரையில் உட்கார்ந்தவள் கையை நீட்டவில்லை.

"இது என்னா ஊசி மகள்? போட்டா ஒடம்புக்கு என்னா செய்யும்?" என்று தாதியைக் கேட்டாள்.

எனக்குப் பின்னால் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. "வெளக்கம் கேக்கவா வந்தீங்க? கைய நீட்டுங்கம்மா, மழை வரப்போகுது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். தாதி சிரிக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். என் உடம்பு வரிசையில் இருந்தது. மனம் ஹேவாஹெட்ட மலையேறி, பனிக்குள் நுழைந்து, எட்டு வயதில் நான் இருந்த லயத்தின், அந்த வரிசை வீட்டின், வாசலில் போய் நின்றது.

அந்த வருஷம் தோட்டத்தில் நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு என்பார்களே, அது. மேல் லயத்தில் தொடங்கி, ஓடைத் தண்ணீரோடு கீழே இறங்கி வந்தது. வீட்டுக்கு ஒரு பாய் மடிக்கப்படாமல் கிடந்தது. அப்போதுதான் பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த மைதானத்தில், கணக்கப்பிள்ளை ஐயா சத்தமாகச் சொன்னார்: ஊசி போடாதவர்களுக்குப் பேர் கிடையாது. பேர் என்றால் ஒரு நாள் வேலை. ஒரு நாள் வேலை என்றால் அன்றைக்கு அடுப்பு எரியும். என்ன ஊசி, எதற்கு ஊசி, போட்டால் காய்ச்சல் காயுமா, வலிக்குமா, ஒன்றும் சொல்லவில்லை. நல்ல ஊசிதான். இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு யாராவது உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் என்று எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

சின்னம்மா மாட்டேன் என்றாள். அம்மாவின் தங்கை அவள். பக்கத்துக் காம்பரா அறையில் சித்தப்பாவோடு இருந்தாள். ஒரு குழந்தை பிறந்து, நடை பழகுமுன் போய்விட்டது. பிறகு பிள்ளை இல்லை. காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைக்கு அஞ்சாதவள், குளவி கலைந்தால் மற்றவர்களை முன்னால் ஓடவிட்டுப் பின்னால் வருபவள், ஊசி என்றதும் அடுப்படியில் போய்க் குந்திக்கொண்டாள். எனக்கு ஒரே சிரிப்பு. "சின்னம்மாவுக்கு ஊசின்னா பயம்" என்று லயம் முழுக்கப் பாடித் திரிந்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். ஒரு பாட்டுக்கு இத்தனை பெரிய அடியா என்று அன்றெல்லாம் கோபமாக இருந்தேன்.

மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்கு முடியாத நாளில் மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடைக்குள் போட்டு நிறுவையைச் சரிக்கட்டி விடுவார்கள். அவளுக்கு அரைப்பேர், அரைநாள் கூலி, விழாது. அம்மா ஊசியையும் அப்படித்தான் யோசித்தாள். கொழுந்து கைமாறும்போது ஊசி மாறாதா? "எந்தங்கச்சி ஊசிய நானே வாங்கிக்கிறேன்," என்றாள் சித்தப்பாவிடம். "அவள இனி யாரும் ஒண்ணும் கேக்க வேணாம்."

ஊசி போட்ட அன்று தூறல். பெண்கள் எல்லோரும் தலையோடு கம்பளி போர்த்தியிருந்தார்கள். தோட்டத்து மருந்துக்காரரை நாங்கள் டாக்டரையா என்போம். அவர் முகம் பார்ப்பவர் இல்லை, வரிசையில் வந்த கைகளைத்தான் பார்த்தார். அம்மா தன் பேருக்கு இடது கையைக் கொடுத்தாள். பிறகு தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் ஓடி வந்து, அங்கே நின்ற என் கையிலிருந்து சின்னம்மாவின் சிவப்புக் கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். "வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன்." நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

கணக்கப்பிள்ளை சின்னம்மாவின் பேரைக் கூப்பிட்டார். அம்மா வலது கையை நீட்டினாள். டாக்டரையா ஏதோ சந்தேகத்தில் நிமிரப் போனார். உடனே ஒரு வாயாடிக் கிழவி சத்தம் போட்டாள்:

"டாக்டரையா, இது மாட்டு ஊசியா, எங்களுக்குன்னே வாங்குனதா?"

"மாட்டு ஊசின்னா ஒனக்குத்தானே மொதல்ல போட்டிருப்பேன்!"

பெரட்டுக்களமே குலுங்கியது. அந்தச் சிரிப்புக்குள் ஊசி இறங்கிவிட்டது.

மாலையே அம்மா அனலாய்க் கொதித்தாள். இரண்டு கைகளும் வீங்கித் தூக்க முடியவில்லை. சின்னம்மாதான் கஞ்சி ஊட்டினாள். "ரெண்டு ஆளு காய்ச்சல ஒத்தையா சொமக்கிறியேக்கா."

"போடி, கொழுந்துக் கூடைய விடவா பாரம்."

அம்மா தேறி மலைக்குப் போனாள். சில வாரங்களில் சின்னம்மா படுத்தாள். காய்ச்சல் ஏறியதே தவிர இறங்கவில்லை. சித்தப்பா டாக்டரையாவைக் கையோடு அழைத்து வந்தார். அவர் வாசற்படி தாண்டவில்லை. "இது அந்தக் காய்ச்சலா இருக்காது. இவளுக்குத்தான் ஊசி போட்டாச்சே," என்று ஒரு போத்தல் தண்ணி மருந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா வாயைத் திறந்தால் அக்கா தங்கை இரண்டு பேரின் வேலையும் போகும். திறக்காவிட்டால் தங்கை போய்விடுவாள். அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். சின்னம்மா பிதற்றத் தொடங்கிய காலையில் மருந்து வாங்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் டாக்டரையாவிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள். "ரெண்டையும் எனக்குத்தான் போட்டீங்க ஐயா. அவளுக்குப் போடல. அவளக் காப்பாத்துங்க."

தோட்டத்து லொறி வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. சின்னம்மா வாசல்காலைக் கட்டிக்கொண்டாள். "சொல்லிட்டு ஏத்துங்க. என்னா செய்யப் போறாங்கன்னு சொல்லிட்டு ஏத்துங்க." உருகிப்போன அந்த உடம்பில் எங்கிருந்து வந்தது அவ்வளவு பலம்! சித்தப்பா அழுதுகொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

"நான் கூட வர்றேன்டி," என்றாள் அம்மா. "சத்தியமா காய்ச்சலுக்குத்தான்."

"அன்னைக்கும் நீதானேக்கா கூட வந்த."

அம்மாவின் முகம் செத்துப்போனது.

சின்னம்மா திரும்பி வரவில்லை. அவள் கடைசியாகச் சொன்னதன் பொருளை, எனக்கு ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். சின்னம்மாவின் குழந்தை மடியில் இருந்த நாட்களில், பிள்ளை பெற்ற பெண்களை இதே போலொரு லொறியில் ஏற்றிப் போனார்களாம். உடம்பு தேற ஒரு ஊசி, அவ்வளவுதான் என்றார்களாம். அம்மாவும் நம்பி, தயங்கிய தங்கையைத் தானே கைபிடித்து ஏற்றினாளாம். ஊசியில் மயங்கிப்போன சின்னம்மா விழித்தபோது வயிற்றில் தையல். இனிப் பிள்ளை பிறக்காது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. மடியிலிருந்த பிள்ளையும் போய், அடுத்ததற்கு மாதாமாதம் காத்திருந்து, காத்திருந்து, தானாகத்தான் தெரிந்துகொண்டாளாம்.

எட்டு வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. லொறியில் ஏறினாலே எனக்குக் குமட்டும், மலை வளைவுகள் அப்படி. சின்னம்மாவுக்கும் அந்தப் பயம்தான் என்று நினைத்தேன். ஓடிப்போய் உறியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, லொறியின் பின்பலகையைச் சாத்துவதற்குள் அவள் உள்ளங்கைக்குள் திணித்தேன்.

"மோந்துக்கிட்டே போங்க சின்னம்மா," என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. "ஒண்ணுமே செய்யாது."