செபம் முடியுமுன் கிளம்பியவர்

இஸ்தீரை யாரும் பெரிய பக்திக்காரி என்று சொன்னதில்லை. பிரசங்கம் தொடங்கினால் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவாள். செபத்துக்கு நடுவே பக்கத்தில் நிற்பவளிடம் வெங்காய விலை விசாரிப்பாள். ஆனால் போவாள். காய்ச்சலோ, வீட்டில் சண்டையோ, கோயில்மேல் கல்லெறியப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி ஊரே கதவைச் சாத்திக்கொண்ட நாளோ, அவள் பாட்டுக்குக் கறுப்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மார்கிர்கிஸ் கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். எதற்கு இந்த வீம்பு என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது.

மின்யா நகருக்குக் கிழக்கே, மலையைச் சதுரம் சதுரமாக அறுத்து விற்கும் ஊர் அது. அவள் கணவர் காத்தாஸ் குவாரித் தொழிலாளி. மகன் வஹீபும் மீசை அரும்பியதும் அங்கேதான் போனான். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அவன் சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருப்பது இஸ்தீருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் செத்தவர்களுக்கு அங்கே அடக்கச் செபம் கிடையாது. அந்த வாரத்தின் துக்கம் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடு ஒன்றுதான், வேறு எந்தச் சாவுக்கும் தூபம் காட்டமாட்டார்கள். அதற்காகவே குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்த கையோடு, வருகிற வாரம் யார் யார் போகப்போகிறார்களோ அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரு அடக்கச் செபம் படித்துவிடுவார்கள். பேர் சொல்வதில்லை. யார் போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஓசன்னா பாடிய வாய் மூடுவதற்குள் கோயில் திரையெல்லாம் கறுப்பாக மாறிவிடும். கையில் ஓலைச் சிலுவையோடு அவரவர் சாவுக்கு அவரவர் நின்று கேட்பார்கள்.

அந்த வருஷம் பூசை நீண்டுவிட்டது. வெளியே குவாரி லாரி ஹாரன் அடித்தது. முதலாளிக்குக் குருத்தோலையும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. வஹீப் செபம் முடியட்டும் என்று நின்றான். காத்தாஸ் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "சாகப்போறவனுக்குப் படிக்கிறாங்க. உனக்கென்னடா அங்க வேலை? வா" என்றார். பையன் கையிலிருந்த ஓலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்பா பின்னால் ஓடினான்.

செவ்வாய்க்கிழமை கல் அறுக்கும் சக்கரம் உடைந்து தெறித்தது. அதோடு வஹீப் முடிந்தான்.

பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வேளைக்குரிய பாடுகளின் வாசகத்தை வாசித்தார்கள். அடக்கச் செபம் இல்லை, ஒரு சிட்டிகை சாம்பிராணி இல்லை. காத்தாஸ் குருவானவர் அபூனா சரபாமோனின் அங்கியைப் பிடித்து உலுக்கினார். நாயைப் புதைப்பதுபோல் என் பிள்ளையைப் புதைக்கிறீர்களே என்று கத்தினார். ஞாயிற்றுக்கிழமையே அவனுக்கும் சேர்த்துப் படித்தாயிற்று, எங்கே இருந்தாலும் அந்தச் செபம் அவனுக்குத்தான் என்று அபூனா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். காத்தாஸ் காதில் ஒன்றும் ஏறவில்லை. "அவன் அங்க இல்லையே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்குக் கோயில் வாசலைத் தாண்டி வெளியே வந்தவர், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இஸ்தீர் போனாள். முதல் வருஷம் செபிக்கவெல்லாம் போகவில்லை, சண்டை போடத்தான் போனாள். கன்னி மரியாள் படத்துக்கு முன்னால் நின்று அவள் முணுமுணுத்ததை அபூனா கேட்டிருந்தால் ஒரு மாதத் தபசு கொடுத்திருப்பார். ஒரு பதிலும் வரவில்லை. மறுநாளும் போனாள். வீட்டில் இருந்தால் ஆணியில் தொங்கும் வஹீபின் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோயிலில் தன்னைப்போலவே பறிகொடுத்த ஒரு தாயின் படமாவது இருந்தது.

வீட்டில் காத்தாஸ் அவளைச் சும்மா விடவில்லை. உபவாச நாள் பார்த்து நெய்யில் முட்டை பொரிக்கச் சொல்வார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொரித்து வைத்துவிட்டு, தான் எண்ணெய் விட்ட மொச்சையை ரொட்டியில் தோய்த்துத் தின்பாள். முட்டையென்றால் உன் சாமிக்கு ஆகாதா என்பார். முட்டைமேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை, தின்கிறவர்மேல்தான் என்பாள். நாத்தனார் ஷஃபீக்கா வேறு வந்து உட்கார்ந்துகொண்டு, இத்தனை விரதம் இருந்து என்ன கண்டாய், கன்னம்தான் ஒட்டிப்போச்சு என்று நொடிப்பாள். கண்டது ஒன்றுமில்லை என்பது இஸ்தீருக்கும் தெரியும். அந்தப் பேச்சு வலிக்கத்தான் செய்தது. வலியோடுதான் போய்வந்தாள்.

இப்படியே பதினோரு வருஷம் ஓடிற்று. கல்தூள் காத்தாஸின் நெஞ்சில் இறங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினார். தவக்காலத்தின் கடைசியில் மருத்துவர் இஸ்தீரைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். போய்ச் சேருகிற நேரத்திலாவது மனுஷன் ஒருதரம் கோயில் படி ஏற வேண்டும் என்று இஸ்தீர் தவித்தாள். அவளுக்கு அதற்குமேல் வேறு ஆசை இல்லை.

குருத்தோலைக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் தரையில் உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஒரு நாள் வாருங்கள் என்று நிமிராமலே சொன்னாள்.

"என் சாவுச் செபத்துக்கு நானே நடந்து போகணுமா?" என்று காத்தாஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும் வேறு குரலில் சொன்னார்: "என் புள்ளைக்கு இல்லாத செபம் எனக்கெதுக்கு, இஸ்தீர்? நின்னுக்கிட்டிருந்தவனை நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இஸ்தீரின் கை நின்றுவிட்டது.

"நான் நின்னேன்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் லாரி ஏறினப்புறம் கடைசி வரைக்கும் நின்னேன். அவன் ஓலையையும் என் ஓலையோட சேர்த்துப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவனுக்காகப் பெத்தவ நின்னா, அவன் நின்ன கணக்குதான்."

"இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

நீங்கள் கேட்கவே இல்லையே என்று சுலபமாகச் சொல்லித் தப்பியிருக்கலாம். அவளுக்கு அந்தப் பொய் வரவில்லை.

"நீங்களே சுமக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

சொன்னபிறகுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு விரதம் விட்டதில்லை, ஒரு பூசை விட்டதில்லை. ஆனால் பரமண்டல செபத்தில், பிறர் குற்றத்தை நாங்கள் மன்னிப்பதுபோல என்று வரும் இடத்தில் மட்டும், தெருவில் சேற்றைத் தாண்டுகிறவள்போல ஒரே எட்டில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். மன்னிக்காத ஆள் பக்கத்து அறையிலேயே இருமிக்கொண்டிருந்தார். இந்தப் பாரத்தோடுதான் அத்தனை வருஷம் கோயிலுக்கு நடந்திருக்கிறாள்.

காத்தாஸ் திட்டவில்லை. தன் நல்ல அங்கியை வெளுத்து வைக்கச் சொன்னார். விஷயம் கேள்விப்பட்டு ஷஃபீக்கா தன் கழுதையைத் தருகிறேன் என்றாள். குருத்தோலை அன்றைக்கு ஆண்டவர் மாதிரிக் கழுதையில் போய் இறங்கினால் ஊரே ஓசன்னா பாடும், ஆட்டோ சொல்லு என்றார் காத்தாஸ்.

கோயிலில் அபூனா அவரைப் பார்த்தார். தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பூசை முடிந்தது, கறுப்புத் திரை ஏறியது. பெண்கள் பக்கத்திலிருந்து இஸ்தீருக்கு அவர் தெரியவில்லை. எழுந்து போய்விடுவாரோ என்று எட்டி எட்டிப் பார்த்தாள். பரமண்டல செபம் வந்தபோது அந்த வரியை நிறுத்திச் சொன்னாள். நாக்கு தடுக்கியது, ஆனாலும் சொல்லி முடித்தாள்.

கூட்டம் கலைந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். உட்காரப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. காத்தாஸ் பக்கத்துத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எவ்வளவு நீளச் செபம்" என்றார் மூச்சு வாங்க. "கடைசி வரைக்கும் நான் கேட்டதே இல்ல. இத்தனையுமா அன்னைக்கு அவனுக்குப் படிச்சாங்க?"

"ஆமா" என்றாள் இஸ்தீர். "ஒண்ணு விடாம."

வியாழக்கிழமை விடியும்போது அவர் போய்விட்டார். உட்கார்ந்தபடியே, அவள் தோளில் சாய்ந்து. உச்சிவேளைக்குள் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். வேளை வாசகம் வாசித்தார்கள். தூபம் இல்லை. மலையடிவாரத்தில் மகனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஷஃபீக்கா மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு, என் அண்ணனுக்கு ஒரு செபம்கூட இல்லையே என்று மாரில் அடித்துக்கொண்டாள். இஸ்தீர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவருக்குப் படிச்சாச்சு, ஷஃபீக்கா. அவரே நின்னு முழுசா கேட்டாரு."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.