சத்தம் வராத ஏசி

ஏசி விற்கிற கடைகளில் எல்லோரும் உள்ளே மாட்டுகிற பெட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். எவ்வளவு அமைதி, எவ்வளவு அழகு, மூடி எப்படித் தானாகத் திறக்கிறது என்று. வெளியே மாட்டுகிற பெட்டியைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. தஞ்சாவூரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் அந்த வெளிப்பெட்டியைத்தான் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

எனக்கு ஏசி வேண்டியிருந்தது வீட்டுக்கு அல்ல, வண்டிக்கு. நான் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஓடி ஓய்ந்த வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பெரிய கண்ணாடியும் சுற்றி பல்புகளும் சுழல் நாற்காலியும் வைத்தோம். சினிமா ஷூட்டிங்குக்கு வருகிற வண்டியைப் பார்த்திருந்த எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்குக் கேரவன் என்று பெயர் வைத்தார்கள். அப்படியே ஊரெல்லாம் கேரவன் ஆகிவிட்டது. ஓட்டுவது என் வீட்டுக்காரர். முன்பு டிராக்டர் ஓட்டினார்.

எனக்குப் படிப்பு ஏழாவது வரைக்கும்தான். நான் ஏழாவது படித்த வருஷம், கூலியை ஏற்றித் தராமல் அறுப்பில் இறங்குவதில்லை என்று எங்கள் தெரு முழுக்க நின்றது. நிலமெல்லாம் பெரிய தெருவுக்குச் சொந்தம், வேலையெல்லாம் எங்கள் தெருவுக்குச் சொந்தம். அவர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வரப்பு முனையில் போலீஸ் வண்டி நின்றது. கடைசியில் கூலி ஏறியது, ஆனால் அப்பா குத்தகைக்குச் செய்துகொண்டிருந்த நிலம் கையை விட்டுப் போனது. நடவுக்குப் போக வீட்டில் இன்னும் ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்தான். அன்றிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் கவலை. மழை வருமா, வண்டி கிளம்புமா, ஊக்கு போதுமா, பூட்டினோமா. மாயவரத்தில் ஒரு அழகு நிலையத்தில் கூட்டிப் பெருக்கப் போய்த்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். அங்கேயும் முதலில் கற்றது, எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பது.

வண்டி எதற்கு என்று கேட்கலாம். பெரிய தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. எங்கள் அப்பா குத்தகைக்குச் செய்த நிலத்துக்காரரின் மகன்தான் கட்டினார். கொஞ்சம் நிலத்தை விற்றுக் கட்டியது. எந்த ஆட்சி வந்தாலும் மண்டபத்து வாசலில் கொடி மாறும், கொடிக்குக் கீழே நிற்கிறவர் மாறமாட்டார். எங்கள் தெருக் கல்யாணத்துக்கும் மண்டபத்தை விடுவார். வாடகைக்கு ஜாதி கிடையாது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் எங்கள் தெருக் கல்யாணம் என்றால் மட்டும் மணமகள் அறைச் சாவி கிடைக்காது. வாட்ச்மேன் ஊருக்குப் போயிருப்பார், அல்லது பூட்டு துருப்பிடித்திருக்கும். எங்கள் பெண்களுக்குப் பூசணிக்காயும் அரிசி மூட்டையும் கிடக்கிற சாமான் அறையில் உட்கார்ந்துதான் பொட்டு வைக்கவேண்டும். எத்தனை பெண்களுக்கு அந்த மூட்டைகளுக்கு நடுவில் கண் எழுதியிருக்கிறேன். அதனால்தான் வண்டி.

முதலில் மாட்டிய ஏசி, உடைக்கப் போட்டிருந்த ஒரு பஸ்ஸின் கூரையிலிருந்து எடுத்தது. உள்ளே குளிர்ந்தது, வெளியே இரைந்தது. வேளாங்கண்ணியில் கோயில் கல்யாணத்துக்குப் போனபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடல் இரைச்சலில் அதுவும் ஒரு இரைச்சல். ஆனால் பெரிய தெரு மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்திய முதல் நாளே மண்டபத்துக்காரர் வந்துவிட்டார்.

"ஏம்மா, இது என்ன வண்டியா, ரைஸ்மில்லா? தெருவுல மனுஷன் இருக்க வேணாமா? ஓட்டிக்கிட்டுப் போயி வாய்க்கால் கரையில நிறுத்து."

"பொண்ணு அங்கேருந்து நடந்து வரணுமேங்க ஐயா."

"நடக்கட்டுமே. உங்க ஊட்டுப் பொண்ணுங்க நடக்காத சேறா?"

ஆவணி மாதம். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது, கரையெல்லாம் சேறு. அந்தப் பெண் பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, பெரிய தெரு முழுவதும் நடந்து வந்தாள். வாசல்தோறும் நின்று பார்த்தார்கள். மண்டபத்துக்கு வருவதற்குள் மை வழிந்துவிட்டது. வேர்வையா அழுகையா என்று நான் கேட்கவில்லை. குழாயடியில் அவள் காலைக் கழுவிவிட்டேன். அப்போதே முடிவு செய்தேன், இனி எங்கள் பெண் யாரும் இந்தத் தெருவில் அப்படி நடக்கக்கூடாது. வண்டி மண்டபத்து வாசலில்தான் நிற்கவேண்டும்.

அதற்கு வழி என்ன. சத்தம் என்றுதானே சொன்னார், சத்தத்தை இல்லாமல் செய்துவிட்டால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். புது ஏசிக்குக் கரண்ட் கேட்டு அவரிடம் நிற்கப்போவதில்லை. நீளமாக ஒயரை இழுத்து, ஒரு ஜெனரேட்டரை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிடலாம். ஏசியை அப்படித் தள்ளி வைக்க முடியாது. அது வண்டியோடுதான் இருக்கும்.

வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அவருக்குச் சத்தமா பிரச்சினை? போன மாசம் அதே தெருவுல மீட்டிங்கு போட்டாங்க. கொழாய் ஸ்பீக்கர் கட்டி சமத்துவம் சமத்துவம்னு கத்துனது ஆத்துக்கு அந்தாண்ட கேட்டுச்சு. இவருதான் மொதல் மாலை போட்டாரு."

"தெரியும். ஆனா வாயத் தொறந்தா சொல்றதுக்கு அவருகிட்ட ஒண்ணு இருக்குல்ல. அத எடுத்துருவோம்."

"எடு, எடு. ஏசிக்காரனுக்கு நல்ல காலம்."

இப்படித்தான் தஞ்சாவூருக்குப் போனோம். மூன்றாவது கடையோ நான்காவதோ, டை கட்டிய ஒரு தம்பி வந்தார்.

"பெட்ரூமாக்கா, ஹாலா?"

"வேன்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சரிக்கா, வேனு. சின்ன எடம்தான, முக்கால் டன்னு போதும். இதப் பாருங்க. ஓடுறதே தெரியாது. உள்ள படுத்தா கொழந்தை மூச்சு விடுறதுகூடக் கேக்கும்."

"வெளிய நின்னா?"

"வெளிய யாருக்கா நிக்கப்போறா?"

"நிப்பாங்க தம்பி. வெளிப்பெட்டி எங்க ஓடுது, அத நான் கேக்கணும்."

கடைக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. சுவர் முழுக்க வெளிப்பெட்டிகள், மேலும் கீழுமாக. அனல் காற்று முகத்தில் அடித்தது. நான் அங்கே நிற்க, தம்பி உள்ளே போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். வீட்டுக்காரர் நடுவில் நின்று தகவல் சொன்னார். ஒன்று உறுமியது. ஒன்று நன்றாக ஓடி, நிற்கும்போது தொம்மென்று உதறியது. அது அலங்காரத்தின் நடுவில் உதறினால் பொட்டு காதுக்குப் போய்விடும். ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்றும் தள்ளி நின்றும் கேட்டேன். மண்டபத்து வாசல்படிக்கும் வண்டி நிற்கிற இடத்துக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளி.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட நான் இவ்வளவு நேரம் பாக்கல," என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்குத்தான் அனுபவிக்கிறீங்க."

தம்பி சிரித்துவிட்டார். பிறகு இன்வெர்ட்டர் ஏசி ஒன்றைப் போட்டார். குளிர்ந்ததும் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அடித்து அடித்து நிற்காது என்றார். முதலில் காற்றுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தணிந்து, சந்தின் அந்த முனையில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. இதுதான் என்றேன்.

"வண்டில மாட்டினா கம்பெனி வாரண்டி தராதுக்கா. மொதல்லயே சொல்லிட்டேன்."

மாட்டித் தந்த மெக்கானிக்கும் அதையே சொன்னார். வீட்டு ஏசி குலுங்கலைத் தாங்காது, செம்புக் குழாய் விட்டுப்போகும் என்று. அப்புறம் அவரே வண்டியின் பின்பக்கம் இரும்புச் சட்டம் வைத்து, ரப்பர் கொடுத்து, குழாயை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார், ஆட்டம் வந்தால் அந்தச் சுற்று வாங்கிக்கொள்ளும் என்று. வாரண்டி இல்லை என்பது என் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. "நீ கவலப்படுறியே, அதுதான் அதுக்கு வாரண்டி," என்றார் வீட்டுக்காரர். எங்கள் தெருவில் நிறுத்தி ஓடவிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "எப்ப போடப்போறீங்க?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த கல்யாணம் எங்கள் தெருவில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு. அதே மண்டபம். காலையிலேயே வண்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். ஏசி ஓடியது, தெரு அமைதியாக இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு தலைப்பின்னலைத் தொடங்கினேன். காதை மட்டும் வெளியே விட்டு வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

ஜடை பாதி முடிந்திருக்கும், கதவைத் தட்டினார்கள். மண்டபத்துக்காரர்.

"என்னம்மா இது, வாசல்ல தண்ணிய ஊத்திக்கிட்டு?"

இறங்கிப் பார்த்தேன். ஏசியிலிருந்து கீழே வரும் மெல்லிய குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய ஏசி கூரையிலேயே தண்ணீரை விட்டு, அது அங்கேயே காய்ந்துவிடும். இது தரையில் விட்டது. எங்கள் தெருவில் நிறுத்திப் பார்த்தபோது இது எங்கள் கண்ணில் படவில்லை. எங்கள் தெரு மண், குடித்துவிட்டது. பெரிய தெரு சிமெண்டு ரோடு. தண்ணீர் ஒரு கோடாக ஓடி, மண்டபத்து முதல் படியின் ஓரத்தில் தேங்கியிருந்தது.

"ஏசித் தண்ணிங்க. சுத்தமான தண்ணிதான்."

"சுத்தமோ கித்தமோ, உங்க வண்டித் தண்ணி எங்க வாசல்ல ஓடணுமா? வண்டிய எடு. வாய்க்கால் கரைக்குப் போ."

"சத்தம் கேக்குதாங்களா?"

"சத்தத்தப் பத்தி இப்ப யாரு பேசுனா?"

தஞ்சாவூர்ச் சந்தில் நின்று நான் வாங்கிய அனலெல்லாம் அப்போது முகத்தில் மறுபடி அடித்தது. இதற்குள் வீட்டுக்காரர் பின்பக்கத்திலிருந்து ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்துவிட்டார். எனக்காகத்தான். நான் பயப்படுவேன் என்று அவருக்குத் தெரியும். பயந்துகொண்டுதான் இருந்தேன்.

"வைக்காதீங்க," என்றேன்.

"இல்ல, ஒரு பக்கெட்டுதான."

"இன்னிக்கு பக்கெட் வச்சா அடுத்த கல்யாணத்துக்கு பக்கெட்டு ஏன் இங்க நிக்குதும்பாரு. உள்ள கொண்டுபோங்க."

பிறகு மண்டபத்துக்காரரிடம் திரும்பினேன். எங்கள் அம்மா அவர் அப்பாவை ஆண்டே என்பாள். நான் அதுவரை அவரை ஐயா என்று சொல்லிவந்தேன். "மண்டபத்துக்கு வாடகை கட்டியிருக்கோம் சார். வாசலும் அதுலதான் சேத்தி. பொண்ணு எறங்குற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும். தண்ணியும் ஓடும்."

"உங்கப்பன் எங்க வயக்காட்டுல கையக் கட்டிக்கிட்டு நின்னவன். தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் சார். கூலி ஏத்துற வரைக்கும் அறுப்புல எறங்காம நின்னதும் அவருதான்."

வண்டியின் கதவைத் திறந்து அந்த நர்ஸ் பெண் பாதி ஜடையோடு எட்டிப் பார்த்தாள். "அக்கா, தலைய முடிச்சுட்டு சண்ட போடுங்க. முகூர்த்தம் போயிரும்," என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "வணக்கம் அங்கிள். பிரஷர் மாத்திர ஒழுங்கா சாப்புடுறீங்களா?" என்றாள். அவர் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறவர் போலிருக்கிறது. திரும்பி உள்ளே போய்விட்டார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் கூடையில் மணலைக் கொண்டுவந்து தண்ணீர் ஓடிய கோட்டின் மேல் கொட்டிவிட்டுப் போனார். தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு மறுபடி வெளியே வந்தது. இன்னொரு கூடை வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன், "ஏசிய இன்னும் கொறச்சு வைங்க."

"இதுக்கு மேலயா?"

"வைங்கங்குறேன்."

குளிரக் குளிரத் தண்ணீர் கூடுதலாக வரும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். சொட்டு சொட்டாக வந்தது கம்பியாக இறங்கத் தொடங்கியது. ஓடுகிற வேகத்தில் குழாய் விட்டுப்போகுமோ, ஜெனரேட்டர் தாங்குமோ, மூன்றாவது கூடையோடு ஆட்களும் வருவார்களோ என்று எல்லாக் கவலையும் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டது. உட்காரட்டும் என்று பூவைச் செருகினேன்.

"அக்கா, பல்லு கிட்டுது," என்றாள் பெண்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. மை நல்லா நிக்கும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெண்ணை அழைத்து வரச் சொல்லி மேளம் தொடங்கியது. கதவைத் திறந்தோம். ஈர மணலை ஒதுங்கிப் போகலாமா என்று அவள் தங்கை கேட்டாள். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் அதன் மேலேயே இறங்கினாள், கண் மை கலையாமல், புடவையைத் தூக்கிப் பிடிக்காமல். படியேறி உள்ளே போனாள். மெழுகிய மாதிரி பளபளத்த மண்டபத்துத் தரையில் வாசலிலிருந்து மணவறை வரைக்கும் மணல் காலடி ஒவ்வொன்றாக விழுந்தது. மண்டபத்துக்காரர் தூணோரம் நின்று, துடைக்கச் சொல்லி யாரையோ கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

நான் வண்டிக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எடுத்துவிடலாமா என்று வீட்டுக்காரர் சாவியைக் காட்டிக் கேட்டார். மாலையோடு வெளியே வருகிற வரைக்கும் நிற்கட்டும் என்றேன். ஏசியையும் அணைக்க வேண்டாம் என்றேன்.