காற்றில்லாத கானா

என் அம்மாவைப் பொறுத்தவரை நான் வெளிநாட்டில் இருந்தேன். கப்பலேறி நாலு நாள் போனால் அது வெளிநாடுதான் என்று திருநெல்வேலியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்தமானும் போர்ட் பிளேரும் இந்தியாதான் என்று எழுதிப் பார்த்தேன், அவள் காதில் ஏறவில்லை. அறுபதுகளின் நடுவில், கல்யாணமாகி எட்டாவது மாதம், அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்த என் கணவரோடு அந்த வெளிநாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன்.

ஊர் சுற்றல் என்று பேர்தான், உண்மையில் அது நான் வைத்த பரீட்சை. அவருடைய ஆபீசில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தீவிலேயே நிரந்தரமாக இருக்கச் சம்மதமா, மெயின்லேண்டுக்குத் திரும்ப விருப்பமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்கு இருக்கத்தான் ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் குவார்ட்டர்சுக்குப் பின்னால் தென்னங்கன்று வைக்கிற மனிதரின் ஆசையைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். எனக்கோ அந்த ஓயாத மழையும் பிடிக்கவில்லை, பேச்சுக்கு ஆளில்லாததும் பிடிக்கவில்லை.

"ஊரப் பாக்கணும். அங்கன உள்ளவுக சாப்புடுததச் சாப்புட்டுப் பாக்கணும். பொறவு சொல்லுதேன்" என்றேன்.

"வடக்க மாயாபந்தர் வரைக்கும் போட்டுல போய்ட்டு வருவோம். நீ சொல்லுததுதான் முடிவு" என்றார் அவர்.

இந்தி விஷயத்தில் எனக்குப் பயமே கிடையாது. அவர் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் சொற்களை எழுதித் தந்திருந்தார். தண்ணீர் பானி, எவ்வளவு கித்னா, சாப்பாடு கானா, இருக்கிறது ஹை. இரண்டே வாரத்தில் நோட்டைக் கரைத்துக் குடித்துவிட்டேன். வழியில் யாரோடும் நான்தான் பேசுவேன், நீங்கள் சும்மா கூட வந்தால் போதும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியும் வைத்தேன்.

போட் விடியற்காலை கிளம்பியது. கரை நெடுகக் காடு, கடலுக்குள் வேரை ஊன்றி நிற்கிற மரங்கள். தண்ணீர் ஓரிடத்தில் பச்சையாகவும் ஓரிடத்தில் மயில் கழுத்து நிறமாகவும் இருந்தது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை, "பரவால்ல" என்று மட்டும் சொன்னேன்.

வழியில் லாங் ஐலண்ட் என்கிற தீவில் சாமான் இறக்க இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். இறங்கினோம். ஒரு யானை வெட்டிப்போட்ட மரத்தடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. கோயில் யானையை மட்டுமே பார்த்திருந்த எனக்கு, நெற்றியில் பட்டமில்லாமல் வேலை பார்க்கிற யானை புதிது. வெகுநேரம் நின்று பார்த்ததில் நல்ல பசி. போட் கட்டுகிற ஜெட்டிக்குப் பக்கத்திலேயே ஓலை வேய்ந்த ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. கடைக்காரர் வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர். இடது கண் மூடியே இருந்தது. மரம் அறுக்கிற இடத்தில் சிராய் தெறித்துப் போனது என்று பிறகு தெரிந்தது. நான் நேரே அவர் முன்னால் போய் நின்று, உள்ளே உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, "கானா ஹை?" என்றேன்.

கடையில் பேச்சு நின்றது. என் கணவருக்கு இருமல் வந்தது. கடைக்காரர் என்னை ஒரு கணம் பார்த்தார். "ஹை" என்றார். பிறகு இரண்டு தட்டைத் துடைத்து வைத்தார்.

சோறு, கத்தரிக்காய் வறுவல், கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு. முதல் வாயில் கடுகெண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. மூன்றாவது வாயில் பழகிவிட்டது. அதற்கப்புறம் மறுசோறு கேட்டேன். எழுந்திருக்கும்போது பாராட்டாமல் வரலாமா? அவர் முகத்துக்கு நேராகவே "பஹுத் அச்சா கானா" என்றேன். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். என் இந்தியில் அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாயாபந்தரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு ராமநாதபுரத்து முஸ்லிம் வியாபாரி என் கணவருக்குப் பழக்கம். அவர்கள் வீட்டில்தான் தங்கினோம். அவர் மனைவி என் வயதுக்காரி. மறுநாள் மத்தியானம் தேங்காய்ப்பால் சோறும் நண்டுக் குழம்பும் பரிமாறிக்கொண்டே வழியில் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஒத்தக் கண்ணு தாதா கடையிலயா? எப்புடிக் கேட்டீங்க?"

வங்காளிகளுக்குத் தாதா என்றால் அண்ணன். கேட்ட மாதிரியே சொல்லிக் காட்டினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாப்பாடுன்னா காத்து விட்டுச் சொல்லணும்ங்க. கைய வாய்க்கு நேரா வச்சுப் பாருங்க, காத்து வந்து அடிக்கணும். காத்து இல்லாட்டி அதுக்கு ஒத்தக் கண்ணன்னு அர்த்தம்."

ஆக, அந்த மனிதரிடம் ஒற்றைக் கண்ணனா என்று கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு அவர் சோறு போட்டிருக்கிறார். தின்று முடித்து, ரொம்ப நல்ல ஒற்றைக் கண்ணன் என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குமேல் நண்டு இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட என் கணவர் மேல் வந்த கோபம்தான் பெரிது.

சாயங்காலம் ஜெட்டிப் பக்கம் நடக்கும்போது பிடித்துக்கொண்டேன். "ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"எட்டு மாசமா வாயத் தொறக்காம இருந்தவ, நேத்துத்தான் வெளியாளு ஒருத்தர்ட்ட மொதமொதல்ல பேசுன. அதும் அவ்வளவு தைரியமா. அதத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"நாலு பேரு சிரிக்கட்டும்னு விட்டுட்டீய. இந்த ஊருல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பேன்? திரும்பிப் போறோம்னு எழுதிக் குடுங்க."

அவர் "சரி" என்றார். சண்டை போட்டிருந்தால் தேவலை. அந்த ஒரு சரியில் தென்னங்கன்றெல்லாம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது, இருந்தும் வீம்பை விடவில்லை. அடுத்த இரண்டு நாளும் ஊரைச் சுற்றினோம். மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்தோம், எதிர்த் தீவைப் பார்த்தோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் பார்க்காதபோதெல்லாம் உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஊதிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் போட் லாங் ஐலண்டில் நிற்குமா என்று மூன்று தடவை கேட்டேன். அரை மணி நேரம் நிற்கும் என்றார்கள். நின்றதும் முதல் ஆளாக இறங்கினேன். என்ன ஏது என்று கேட்காமல் அவரும் பின்னால் வந்தார்.

மன்னிப்புக் கேட்கிற இந்தி அந்த நோட்டில் இல்லை. கடைக்காரர் முன்னால் நின்று, உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து "க்ஹானா ஹை?" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மூடிய கண்ணை ஒரு விரலால் தொட்டுக் காட்டி, அடுப்பையும் காட்டி, "யே பீ ஹை, வோ பீ ஹை" என்றார். இதுவும் இருக்கிறது, அதுவும் இருக்கிறது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரோ பேச்சை அதோடு விட்டுவிட்டு மீனை எடுத்து வைத்தார்.

தட்டு நிறைந்ததும் அவர் முகத்தில் ஒரு யோசனை. எனக்குப் பதிலுக்கு ஏதோ செய்ய நினைக்கிறார் என்று தெரிந்தது. மரம் வெட்ட வந்த எங்கள் ஊர்ப் பையன்கள் பேசக் கேட்டிருப்பார் போல. நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, என்னைப் பார்த்துத் தமிழில் கணீரென்று சொன்னார்.

"சாப்புடுலே."

எங்கள் தெருவில் வெளியாள் ஒருவர் என்னை, சின்னப் பையனை அதட்டுகிற மாதிரி, "லே" போட்டுக் கூப்பிட்டிருந்தால் ரகளையாகியிருக்கும். இவர் முகமெல்லாம் சந்தோஷமாக "டீக் ஹை?" என்று என்னிடமே கேட்டார். சரியாகச் சொன்னேனா என்று. என் கணவர் திருத்துவதற்கு வாயெடுத்தார். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"பில்குல் டீக்" என்றேன். ரொம்பச் சரி.

போட் கிளம்பிக் கடை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நீ ஏன் சொல்லல?" என்றார்.

"அந்தத் தாளு எங்க இருக்கு?"

"பையிலதான்."

"இருக்கோம்னு எழுதுங்க" என்றேன். "எழுதிட்டு எங்கிட்டக் காட்டுங்க. எழுத்து சரியா இருக்கான்னு நான் ஒருக்காப் பாத்துக்கிடுதேன்."