கணக்கு வைத்திருப்பவரைப் பேசச் சொல்லுங்கள்

வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் பேசுவது அவள் வேலை. குரல் அப்படி இழையும் என்பதால் ஆபீஸில் அவளுக்குப் பெயர் சர்க்கரை. "உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும், குடும்பத்தாரிடமும்கூட, சொல்ல வேண்டாம்" என்று ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் சொல்வாள். கேட்பவர்கள் உருகிப்போவார்கள். அவளுடைய சொந்தக் கார்டும் ரகசிய எண்ணும் அண்ணனின் பர்ஸில் இருந்தன.

காரணம் ஒரு குடை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டுத் தொப்பலாக நனைந்து வந்தாள். அந்த வாரம்தான் தபாலில் கார்டு வந்தது. "குடையையே தொலைக்கிறவ இதை மட்டும் விட்டுவைப்பியா? குடு, நான் வச்சிருக்கேன்" என்றான் அண்ணன். விட்டது தொல்லை என்று கொடுத்துவிட்டாள். வங்கியில் பதிந்த போன் நம்பரும் அவனுடையதாயிற்று. வாராவாரம் பஸ்ஸுக்கும் டீக்கும் எண்ணித் தருவான். தன் சம்பளத்தைத் தன்னிடமே கொடுப்பவனுக்குப் பல்லெல்லாம் தெரிய "தேங்க்ஸ்ண்ணா" சொன்ன ஒரே ஜீவன் உலகத்தில் தான்தான் என்று பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் கெட்டவன் இல்லை. வட்டி, வரி என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விட்டது அவள்தான். மாலை வகுப்பில் சேர்ந்து மேலே படிக்க மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கணக்கில் தொகை ஒன்றுதான் இல்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் சொன்னான்: "என் ஃப்ரெண்டு கார் கழுவுற கடை போடறான். உன் பணம் மொத்தத்தையும் அதுல போட்டுடறேன். ஞாயித்துக்கிழமை குடுக்கணும்."

நாலு வருஷச் சம்பளம். மொத்தம் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தாள். ஊரார் கணக்கையெல்லாம் பேசும் அந்த வாய், "உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுண்ணா" என்றது.

மறுநாள் இடைவேளையில், மாடிப்படியில் நின்று தன் பிரிவுக்கே போன் போட்டாள். எடுத்தது பக்கத்து சீட்டுக்காரி. காலையில் ஒரே டீயை இரண்டாக்கிக் குடித்தவர்கள்தான். ஆனால் எல்லா அழைப்பும் பதிவாகும். தெரிந்தவள் மாதிரிக் காட்டிக்கொள்ள முடியாது.

"என் கணக்குல எவ்வளவு இருக்குன்னு தெரியணும்."

"சில கேள்விகள் மேடம். பதிவு பண்ணின நம்பர்லேருந்துதான் பேசறீங்களா?"

"இல்ல, அது அண்ணன் நம்பர்."

"கடைசியா எங்கே பணம் எடுத்தீங்க?"

"அண்ணன் எடுத்தாரு."

"எவ்வளவுன்னு?"

"அண்ணனுக்குத்தான் தெரியும்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. விதிப்படி அது கூடாது. "மன்னிக்கணும் மேடம். கணக்கு வச்சிருக்கிறவரைப் பேசச் சொல்லுங்க."

தானே எத்தனையோ பேரிடம் தேனொழுகச் சொன்ன வாக்கியம். படியில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள். அப்புறம் அழுகை வந்தது.

சனிக்கிழமை அடையாள அட்டையோடு வங்கிக் கிளைக்கே போனாள். போன் நம்பர் கேட்ட கட்டத்தில் பழக்கதோஷத்தில் அண்ணன் நம்பரை எழுதி, அடித்து, புதுப் படிவம் வாங்கி, அதிலும் அதையே எழுதினாள். மூன்றாவதைக் கொடுத்தபோது கிளார்க் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒருவழியாகப் பழைய கார்டு ரத்தாகி, புதுக் கார்டு கைக்கு வந்தது. திரையில் தொகையையும் பார்த்தாள். நினைத்ததைவிட அதிகம். அண்ணன் ஒரு காசுகூடத் தனக்கென்று எடுக்கவில்லை. அதுதான் சங்கடம். திருடனாக இருந்தால் சண்டை போடுவது சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வெளியே போன வேகத்தில் திரும்பி வந்தான். "கார்டு வேலை செய்யலடி."

"புதுசு வாங்கிட்டேண்ணா."

"அப்ப நம்பரைச் சொல்லு."

வாயைத் திறந்தாள். "ரகசிய எண்ணை யாரிடமும், குடும்பத்தாரிடமும்கூட..." சர்க்கரைக் குரல் காக்கைக் குரலாக வந்தது.

"நான் யாரோவா?"

"நீ என் அண்ணன்தான். அந்தக் கடையோட வரவு செலவுத் திட்டத்தைக் காட்டச் சொல்லு. பாத்துட்டு, சரின்னு பட்டா, நானே போடறேன்."

"உனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கறேன்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். அந்த வாரம் பஸ் காசும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஆனாலும் பஸ் நிலையத்து மெஷினில், வரிசை பின்னால் முணுமுணுக்க, ரகசிய எண்ணை ஒரு தரம் தப்பாக அழுத்திய பிறகு முதல்முறையாகத் தன் பணத்தைத் தானே எடுத்தாள். உடனே ஒரு நீலக் குடை வாங்கினாள். வாங்கிய கையோடு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, பக்கத்து சீட்டுக்காரி கிடைக்கும்வரை வைத்துவிட்டு வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள்.

"கடைசியா எங்கே பணம் எடுத்தீங்க மேடம்?"

"பஸ் ஸ்டாண்டு மெஷின்ல. ஐந்நூறு. குடை வாங்கினேன், நீலக் கலர்."

"கலரை நான் கேக்கலையே மேடம்."

அன்று மாலை நல்ல மழை. பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள், குடை இறங்கவில்லை. சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றவளைப் பார்த்ததும், அத்தனை நாள் பேசாத அண்ணனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"குடை எங்கடி?"

"தொலைச்சிட்டேன்."

"கார்டு?"

ஈரப் பைக்குள் கையை விட்டு எடுத்தாள். அவன் கைக்கு எட்டாத தூரத்தில் உயர்த்திக் காட்டினாள்.

"இருக்கு."