ஷெரோமியின் நெற்றிமுடி

என் தங்கச்சி ஷெரோமியின் கை ஐந்து நிமிடம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. போன வருஷம் நத்தார்ப் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தக் கை அவளைக் கொண்டுபோய் விட்ட இடம் மாத்தளையில் றம்லாவின் வீடு. வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடியும் இரண்டு கதிரையும் போட்டுப் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள் றம்லா. நல்ல மனுஷிதான். ஆனால் அவளுடைய முடி நூல் பிடித்த மாதிரி நேரானது. சுருட்டை முடியின் குணம் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது? எவளோ ஒருத்தி நெற்றியில் முடியை வெட்டிவிட்டுக்கொண்டு சிரிக்கிற படத்தை இவள் போனில் காட்ட, அவளும் தலையை நனைத்து, சீவி, புருவத்துக்கு நேரே ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

ஈரமாக இருந்தவரை ஒரு குறையும் இல்லையாம். பஸ் ஏறி எங்கள் ஊர் பலாபத்வலயில் வந்து இறங்குவதற்குள் முடி காற்றில் காய்ந்துவிட்டது. புருவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது நெற்றிக்கு நடுவில் ஏறி, ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு திக்கைப் பார்த்து நின்றது. வாசலில் ஓட்டோ துடைத்துக்கொண்டிருந்த என் புருஷன் நோபர்ட் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கரண்ட் அடித்துவிட்டதா என்று கேட்டார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று வாய் வலிக்க ஏசினேன். இருபத்து நாலு வயதுக்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டாமா?

நான் ஏசினது முடிக்காக இல்லை, வேலைக்காக. பலாபத்வலயிலிருந்து நாலந்தா போகிற வழியில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் நாங்கள் இரண்டு பேரும் பெக்கிங் அறையில் இருக்கிறோம். நான் பன்னிரண்டு வருஷம், இப்போது அங்கே பொறுப்பாளர். அவள் மூன்று வருஷம். மிளகுத்தூள், பட்டைத்தூள், மூலிகை எண்ணெய் எல்லாம் நாங்கள்தான் அடைக்கிறோம். மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொண்டு நாள் முழுக்க இருக்க வேண்டும். எனக்கு அது சரி. இவளுக்கு? பேசாமல் இருந்தால் மூச்சு முட்டுகிற பிறவி இவள். துணிக்குள்ளேயே பேசிப் பேசித் துணி நனைந்துபோகும்.

வருகிற விருந்தாளிகளைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய் இது ஏலம், இது கராம்பு என்று காட்டி, கடைசியில் எண்ணெயைக் கையில் தேய்த்துக் காட்டுகிற வேலைதான் அவள் ஆசைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களைக் கவனித்த ரமேஸ் கட்டாருக்குப் போனதும் அந்த இடம் காலியானது. ஷெரோமியைப் போடலாம் என்று முதலாளியம்மாவே சொல்லியிருந்தார். அவரை நாங்கள் மெடம் என்போம், சிங்களவர், அளந்துதான் பேசுவார். இவள் கழிவறைக்குள்ளும் பாடத்தை ஒப்பித்துக்கொண்டு திரிந்தாள். அந்த நேரத்தில்தான் இந்தக் கூத்து. மெடம் இவள் நெற்றியைப் பார்த்தார். இப்படி எழும்பி நிற்கிற முடியோடு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைப் பற்றி நீ எப்படிப் பேசுவாய், முதலில் அது ஒழுங்குக்கு வரட்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவள் மறுபடி துணியைக் கட்டிக்கொண்டு மிளகுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அன்று தொடங்கிய ஆட்டம் ஐந்து மாதம். ஐயோ, அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை கிறுகிறுக்கிறது. கற்றாழை வைத்தாள். முட்டை வைத்தாள், வீடே நாறியது. தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்து ஒட்டினாள், நெற்றி முழுக்கப் பரு வந்தது. ஒரு நாள் உடுப்புத் தேய்க்கிற அயனைச் சூடாக்கி, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் அந்த நேரம் உள்ளே வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அன்றைக்கு நான் அவளை அடித்துவிட்டேன். அடித்துவிட்டு நானும் அழுதேன்.

கடைசியில் றம்லாதான் ஒரு வழி சொன்னாள். தன் கையால் நடந்த பிழை என்று அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். காய்ந்த முடியில் சீப்பே வைக்கக் கூடாது, ஈரத்தில் விரலால் கோதி, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, நடுவில் வகிடு பிரித்து, இந்தப் பக்கம் ஒரு முறுக்கு அந்தப் பக்கம் ஒரு முறுக்கு முறுக்கி, இரண்டு ஊசியைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்தினால் நிற்கும் என்றாள். எந்தக் காரணம் கொண்டும் கத்திரிக்கோலைத் தொடாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அவள் சொன்னபடி செய்தால் மத்தியானம் வரைக்கும் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுருளாக எழும்பி வெளியே வரும்.

பெப்ரவரியில் அம்மாவைப் பார்க்க ரிவர்ஸ்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். ரத்தொட்டை தாண்டிப் பனிமூட்டத்துக்குள் பஸ் நுழைந்ததுதான் தாமதம், ஊசி இரண்டும் தெறித்து மடியில் விழுந்தன. அம்மா பஸ் தரிப்பில் நின்று இவளைப் பார்த்து, இது யாருடைய பிள்ளை என்று என்னைக் கேட்டார். அம்மாவுக்கும் அதே சுருட்டைதான், எங்கிருந்து வந்ததாம்.

ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்ததும் அளக்க வேண்டும். ஒரு சுருளை மூக்கு வரைக்கும் இழுத்துப் பிடிக்க அவளுக்கு ஒரு கை, கண்ணாடியைப் பிடிக்க ஒரு கை. ஆகவே ஸ்கேல் என் கையில். நேற்று அளந்தது இன்றைக்கு வளர்ந்துவிடுமா என்று நான் கத்துவேன். கத்திக்கொண்டே பிடிப்பேன். இழுத்தால் மூக்கு நுனி, விட்டால் புருவத்துக்கு மேலே. மே மாதம் நடுவில் நிலைமை அப்படி இருந்தது. அதற்குள் நாலந்தாவில் வேறொரு பெண்ணை மெடம் பார்த்துவைத்திருக்கிறார் என்ற பேச்சு பெக்கிங் அறைக்கு வந்துசேர்ந்தது. ஷெரோமிக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலை கைவிட்டுப் போனால் ஆயுசுக்கும் அந்தத் துணிதான் என்று என்னிடம் சொன்னாள். அதில் பொய் இல்லை.

அப்போதுதான், ஒரு சனிக்கிழமை பின்னேரம், மெடம் எனக்குப் போன் எடுத்தார். பெக்கிங் அறைக்கு எந்தச் செய்தி என்றாலும் என் போனுக்குத்தான் வரும். எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அடுப்பில் மீன் பொரிகிறது, வெளியே நோபர்ட் ஓட்டோவை முறுக்கிப் பார்க்கிறார். அந்தச் சத்தத்துக்குள் மெடம் சொன்னார்.

“சந்துதா ஷெரோமிட்ட கொண்டெ பெந்தலா எண்ட கியண்ட.”

சந்துதா என்றால் திங்கட்கிழமை. பெந்தலா என்றால் கட்டிக்கொண்டு. எண்ட கியண்ட என்றால் வரச் சொல்லு. கொண்டெ? சிங்களத்தில் கொண்டெ என்றால் தலைமுடி. அது எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற சொல். ஆனால் அந்த நேரம் பார்த்து என் காது தமிழில் இருந்தது. போதாக்குறைக்கு, விருந்தாளிகளோடு நடக்கிற சிங்கள அக்கா ஒருவர் ஒசரிச் சேலை கட்டி, கழுத்துக்கு மேலே வழுவழுவென்று கொண்டை போட்டுக்கொண்டுதான் வருவார். எனக்கு அந்தக் கொண்டைதான் கண்ணில் வந்தது. ஷெரோமியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“திங்கக்கெழம கொண்ட போட்டுக்கிட்டு வரணுமாம். வேல ஒனக்குத்தான்.”

குதித்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடிக்கு முன்னால் இருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், பின்னால் இருக்கிற நீள முடி அழகாகக் கொண்டைக்குள் போகிறது, முன்முடி எட்டவில்லை. காதுக்கு மேலே வந்து அத்தோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெல் வாங்கிப் பூசி, பதினொரு ஊசி குத்தி, பரீட்சை பார்க்க அப்படியே பூசைக்கு வந்தாள். பிரசங்கம் தொடங்கும்போது ஒன்று எழும்பியது. காணிக்கை எடுக்கும்போது நாலு. நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போனவள் தலையைக் குனிந்துகொண்டே போய், குனிந்துகொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை விடிந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உள்ளே தண்ணீர் தெளிக்கிற சத்தம், ஊசி விழுகிற சத்தம், சீப்பை எறிகிற சத்தம். நேரம் போகிறது என்று நான் வேறு குசினியிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். அந்த வாயை என்ன செய்வது. பிறகு வெளியே வந்தாள். பின்னால் கொண்டை அம்சமாக இருந்தது. முன்னால் நெற்றிக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை, அடி மட்டும் அறுத்த வயலில் நிற்கிற தாளைப் போலக் கட்டையாகக் குத்திக்கொண்டு நின்றது. கையில் என் தையல் கத்திரிக்கோல்.

ஐந்து மாதம் நான் அளந்த முடி. கொண்டை வேண்டும் என்றார்கள், இது மட்டுந்தான் கொண்டைக்குள் வரமாட்டேன் என்றது, இப்போது எல்லாம் சரி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

தோட்டத்துக்குப் போனதும் மெடம் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார். இவள் நெற்றியைப் பார்த்து அப்படியே நின்றார். இதை ஏன் வெட்டினாய் என்று கேட்டார். கொண்டைக்குள் வரவில்லை என்று இவள் சொன்னாள். முடியைக் கட்டிக்கொண்டு வா என்றுதானே சொன்னேன், ஒரு கிளிப் போதுமே, சுருட்டை முடி தோளில் விழுந்தால் நன்றாகத்தானே இருக்கும், கொண்டை போடச் சொன்னது யார் என்றார்.

என் காது அப்போதுதான் சிங்களத்துக்குத் திரும்பியது. கொண்டெ. முடி. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பன்னிரண்டு வருஷமாக எந்தச் செய்தியையும் என்னை நம்பிச் சொன்ன மனுஷி முன்னால் நிற்கிறார். நாக்கு எழும்பவில்லை. அந்த வெட்கத்தை நான் மறைக்கப்போவதில்லை, எழும்பவில்லைதான்.

ஷெரோமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் உடைந்த சிங்களத்தில், அக்கா சரியாகத்தான் சொன்னார், நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன் மெடம் என்றாள்.

மெடம் பெருமூச்சு விட்டார். இந்தத் தலையோடு முடி எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றால் யார் நம்புவார்கள், பெக்கிங்குக்குப் போ என்று சொல்ல வந்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் கோயம்புத்தூர்க்காரர்கள் வந்த வேன் உள்ளே நுழைந்துவிட்டது. பாடம் தெரிந்து தமிழில் பேச வேறு ஆள் இல்லை. போ என்று கையைக் காட்டினார்.

நான் பெக்கிங் அறை ஜன்னலில் நின்றேன். அன்றைக்கு ஒரு பொட்டலமும் நான் அடைக்கவில்லை. ஏலத்துக்குப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது, கராம்புக்குப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு எல்லோரும் ஜன்னலுக்கு நேரே இருக்கிற கொட்டகைக்கு வந்தார்கள். எண்ணெய் அங்கேதான் காட்டுவார்கள். இவள் போத்தலைத் தூக்கினாள். முன் வரிசையில் இருந்த ஒரு பருத்த அம்மா, எண்ணெயெல்லாம் இருக்கட்டும், உன் நெற்றிக்கு என்னம்மா ஆச்சு, முதல்ல அதைச் சொல்லு என்று கேட்டார். எல்லோரும் அவள் தலையைப் பார்த்தார்கள். மெடம் தூணோரம் நின்றார். எனக்கு மாதாவே என்று இருந்தது.

ஷெரோமியின் கை நெற்றிக்குப் போனது. அதைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“இந்த எண்ணெய நான் பூச ஆரம்பிச்சு இன்னைக்குத்தாங்க மொத நாளு. ஆறு மாசம் கழிச்சு வந்து பாருங்க, நாந்தான்னு ஒங்களுக்கு அடையாளமே தெரியாது.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. சிரித்துவிட்டு முதல் போத்தலுக்குக் கையை நீட்டியதும் அவர்தான். மெடத்துக்குத் தமிழ் விளங்காது, ஆனால் போத்தல்கள் குறைகிறது விளங்கும். பின்னேரம் கூப்பிட்டு, என்ன சொல்லி விற்றாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நாளைக்கும் நீதான், இனி மாதம் ஒரு முறை இந்த நெற்றியைப் படம் எடுத்துக் கொட்டகையில் ஒட்ட வேண்டும், எண்ணெயைத் தவறாமல் பூசு என்றார். ஆக, மறுபடியும் முதலில் இருந்து வளர்க்க வேண்டும். இந்த முறை வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கப் பார்க்க.

வீட்டுக்குப் போகும்போது நோபர்ட்டின் ஓட்டோவில் பின்னால் இரண்டு பேரும் இருந்தோம். அவள் முகத்தில் துணி இல்லை, வாயும் ஓயவில்லை. எனக்குப் பொறுக்க முடியவில்லை. நடுவில் மறித்துச் சொன்னேன்.

“கொண்டென்னா முடிதான்டி. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நாந்தான் பிழையாச் சொன்னேன்.”

“மெடம் மூஞ்சப் பாத்ததுமே வெளங்கிருச்சுக்கா.”

பிறகு ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கை பழக்கத்தில் சுருளை இழுக்க நெற்றிக்குப் போனது. இழுக்க ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

“அஞ்சு மாசம் ஸ்கேலப் புடிச்சது நீதானக்கா. இனியும் நீதான் புடிக்கணும். ஆனா மெடம் போன் எடுத்தா மட்டும் எங்கிட்ட குடுத்துரு.”