கொடுவா வரும் தண்ணீர்

கார்த்திகை மழைக்குக் கலெக்டர் பள்ளி விடுமுறை அறிவித்தால் பிள்ளைகளைவிட எனக்குத்தான் சந்தோஷம். ஒரு வாத்தியார் இப்படிச் சொல்லக் கூடாதுதான். என்ன செய்வது, ஆற்று வெள்ளம் கடலில் கலக்கும் அந்த ஒன்றரை மாதத்தில்தான் முகத்துவாரத்துக்குக் கொடுவா மீன் நிறைய வரும். கலங்கல் தண்ணீரோடு இறங்கும் இறாலையும் பொடிமீனையும் தின்ன அது கரையோரம் வரை வந்து நிற்கும்.

மன்னார்குடியிலிருந்து அங்கே போக பைக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து வருஷமாகப் போகிறேன். என் தூண்டில் கம்பைப் பார்த்தாலே அங்கே வலை போடுகிறவர்களுக்குச் சிரிப்பு. "சார் வந்துட்டாரு, இன்னிக்கு மீனுக்கும் லீவு" என்பார்கள்.

போகிற வழியில்தான் எங்கள் சொந்த ஊர். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. என் பங்கையும் சேர்த்து அண்ணன்தான் பயிர் செய்கிறார்.

அந்த வருஷம் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் விடுமுறை விட்டார்கள். விடிந்ததும் கிளம்பி, ஊருக்குள் நுழையாமல் மெயின் ரோட்டிலேயே போனேன். இரண்டு பக்கமும் வயல் வெள்ளக்காடாகக் கிடந்தது. நல்ல தண்ணீர் இறங்கும், இன்றைக்கு மீன் நிச்சயம் என்று நினைத்தேன். சோறு தின்கிறவன் நினைக்கிற நினைப்பா அது?

எட்டு மணிக்கு உயிர் இறாலைக் கவ்விக்கொண்டு ஒரு கொடுவா மாட்டியது. ஏழு கிலோவாவது இருக்கும். பக்கத்தில் நின்றவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். போட்ட பிறகுதான் அதற்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் அண்ணி அனுப்பியது. நட்டு இருபத்தைந்து நாளான சம்பா, நுனி மட்டும் வெளியே தெரிய, முழுக்கத் தண்ணீருக்குள் நின்றது.

வெட்கமாகப் போய்விட்டது. என் படத்தை அழிக்கப் போகையில் போன் அடித்தது. அண்ணன்தான். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தம்பி, அந்தப் போட்டோவுல ஒனக்குப் பின்னாடி தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

கடல் ஏறி நிற்கையில் வடிகால் ஷட்டரைத் தூக்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கடல் இறங்கும் சில மணி நேரத்தில் தூக்கினால்தான் வயல் வடியும். பயிர் மூழ்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும். அந்த நேரம் எப்போது என்று தெரியாமல் ஊரே ஷட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று ஆற்றுக்குள் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"உள்ளதாண்ணே ஏறுது. பதினோரு மணிக்குத் திரும்பும்."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியும்ணே."

எனக்கா தெரியாது? திதியைச் சொன்னால் போதும், கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் வாய்ப்பாடு மாதிரி வந்துவிடும். அது தெரியாமல் கொடுவா பிடிக்க முடியாது.

தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டம் நின்றது. பிறகு மெதுவாகக் கடல் பக்கம் நகர்ந்தது. உடனே கூப்பிட்டு, "திரும்பிடுச்சுண்ணே!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஷட்டர் சங்கிலி ஏறும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார்.

"மேல வயல் நின்னுடுச்சுப்பா. கீழ நாலு மா நிலம் தேறாது. மொத நாளே தூக்கியிருந்தா அதுவும் நின்னிருக்கும்."

அவரே மேலே பேசினார்.

"பத்து வருஷமா அங்கதானே நிக்கிற. ஒனக்கு இதெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

இன்றைக்கும் அந்த நாலு மா நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றுதான் அண்ணன் சொல்கிறார். எனக்குத் தெரிந்திருந்தது.